கல்யாணக் காருக்கு அசல் கார்பன்

ஒன்றைப் போலவே இருக்கும் இன்னொன்றை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. தோல் போன்ற ரெக்சின், மரம் போன்ற பிளாஸ்டிக், பட்டு போன்ற ஏதோ ஒன்று. ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வரும் தோலைப் புரட்டி, மடக்கி, முகர்ந்து பார்த்து, தேறுமா தேறாதா என்று தீர்ப்புச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். அந்தக் குணத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் கழற்றி வைக்க முடியவில்லை என்பதே என் வாழ்க்கையின் பிரச்சினை. (என் மனைவி ஸ்டெல்லா, அது தன் வாழ்க்கையின் பிரச்சினை என்கிறாள்.)

புதிய நூற்றாண்டு பிறந்து சில வருடங்களில் வேலூரில் கார் வாங்கியவர்கள் எல்லாம் உள்ளே கருப்புக் கட்டம் போட்ட ஏதோ ஒன்றை ஒட்டிக்கொண்டு, 'கார்பன் ஃபைபர்' என்று பெருமையடிக்க ஆரம்பித்தார்கள். நானும் ஒரு கடைக்குப் போனேன்.

"இது அசலா?"

"அசல் ஸ்டிக்கர் சார்," என்றார் கடைக்காரர், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அசல் கார்பன் ஃபைபர் என்பது கரி இழையில் நெய்த துணி. அதன்மேல் ரெசின் என்னும் பிசினைப் பூசி இறுகவிட்டால் இரும்புபோல நிற்கும், எடையோ அப்பளம்போல. அதைப் படம் பிடித்துக் காகிதத்தில் அச்சடித்து விற்கிறான். வாங்குகிறவனும் தடவிப் பார்த்துப் பூரிக்கிறான். நாட்டில் இதைக் கேட்பதற்கு ஒரு அதிகாரி கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டெல்லாவின் தம்பி ஜான்சனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஜான்சன் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். பெண் மெர்சி திருப்பத்தூர். அவள் அப்பா தலைமையாசிரியர். பெண்ணுக்கு இன்ஜினியர் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தவர், மகளின் பிடிவாதத்தால் அரை மனதாகச் சம்மதித்திருந்தார். மீதி அரை மனது, நாங்கள் எங்கே வழுக்குவோம் என்று காத்திருந்தது. கல்யாணக் காராகப் பெரிய வாடகைக் கார் ஒன்றை அவர் ஏற்பாடு செய்யப்போக, நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். நம் வீட்டில் கார் இருக்கும்போது வாடகைக் காரா?

"மாமா, உங்க கார்ல உள்ள டேஷ்போர்டெல்லாம் மரம் மாதிரி பிளாஸ்டிக்குதானே?" என்றான் ஜான்சன். அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்கு நெஞ்சில் குத்தியது.

"கல்யாணத்தன்னிக்கு உள்ள அசல் கார்பன் ஃபைபர் இருக்கும்டா," என்றேன்.

ஸ்டெல்லா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "என்னங்க, அவங்க அப்பா ஒரு குறைக்குத்தான் காத்துனு இருக்காரு. என் தம்பி கல்யாணத்துல ஏதாச்சும் ஆச்சு, அப்புறம் பாத்துக்குங்க."

என்னிடம் பொருள் இருந்தது. ஷூவின் அடியில் வைக்கும் தகட்டுக்காக இத்தாலியக் கம்பெனி ஒன்று கார்பன் துணியும் ரெசினும் அனுப்பி, பிறகு அந்தத் திட்டத்தையே கைவிட்டிருந்தது. துணி ஸ்டோரில் தூங்கியது. நான் முறைப்படி எழுதிக் கேட்டு, முறைப்படி அனுமதி பெற்றே எடுத்தேன். மாதிரி ஷூக்கள் செய்யும் ஏசி அறையை விடுமுறை நாளில் உபயோகிக்கவும் அனுமதி வாங்கினேன். முறை தவறி நான் எதையும் செய்ததில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

துணைக்கு ஃபினிஷிங் பிரிவு சூப்பர்வைசர் இம்தியாஸ் பாய். என்னைப் போலவே தன்மேல் சந்தேகமே இல்லாத மனிதர். காரின் பிளாஸ்டிக் பட்டைகளைக் கழற்றி, தேய்த்து, துணியைப் போர்த்தினோம். துணி வளையவில்லை.

"இன்னா சார், ரொம்ப முரண்டு பண்ணுது."

"ஆவி காட்டலாமா பாய்?"

"பின்ன? தோலுக்கு ஆவி காட்டாம இழுப்போமா?"

ஷூ தைக்கும் ஊரில் இதற்கு மறுபேச்சு கிடையாது. தோலை ஆவியில் காட்டினால் இளகும், அச்சின்மேல் இழுத்தால் படியும். கார்பன் துணியையும் சொட்டச் சொட்ட ஆவியில் காட்டி, குறடு போட்டு இழுத்தோம். கூடவே வந்த இத்தாலியக் குறிப்பில் பெரிய எழுத்தில் என்னவோ எச்சரிக்கை இருந்தது. இத்தாலிய மொழி எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்தது ரெசினை இறுகவைக்கும் திரவம். ரெசினில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஊற்றச் சொல்லிக் குறிப்பில் எண் போட்டிருந்தது.

"இவ்ளோவா? ரொம்ப ஜாஸ்தி சார்," என்றார் பாய். "நம்ம ஷூ பசைக்கு டின்னுக்கு ரெண்டு மூடிதானே? இவ்ளோ ஊத்துனா வெடிச்சிடும்."

எண்கள் எல்லா மொழியிலும் எண்கள்தான். நான் அதை உற்றுப் பார்த்து, அச்சுப் பிழை என்று தீர்மானித்தேன். "கம்மியா ஊத்துங்க பாய்."

மறுநாள் போனால், பட்டைகள் வெள்ளை பூத்து, தொட்டால் விரலை விடாமல் இருந்தன. பாய் கலங்கவில்லை. ஷூவுக்கு அடிக்கும் கருப்பு ஸ்பிரேயை எடுத்து வந்து இரண்டு கோட் விட்டார். வெள்ளையும் போனது, ஒட்டுவதும் நின்றது. அந்தக் குளிர்ந்த அறையில் எல்லாம் கண்ணாடிபோல் மின்னின. நான் விதிப்படி வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துச் சோதித்தேன்; சாயம் வரவில்லை. தேறியது என்று அறிவித்தேன். கதவுக் கைப்பிடியோரப் பட்டையில் திருகு தெரிந்தால் அசிங்கமாக இருக்கும் என்று, அதை மட்டும் ஷூ பசையால் ஒட்டினேன்.

கல்யாணம் மே மாதம். வேலூர் மே மாதத்தைப் பற்றி அந்த இத்தாலியனுக்கு என்ன தெரியும்?

பெண் வீட்டார் பாகாயத்தில் ஓர் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார்கள். எதிரே வேப்பமர நிழல் இருந்தது.

"நிழல்ல விடுங்க," என்றாள் ஸ்டெல்லா.

நிழலில் விட்டால் பளபளப்பு யாருக்குத் தெரியும்? நல்ல வெயிலில், நாலு பேர் கண்ணில் படும்படி நிறுத்தினேன். மணமகள் அலங்காரம் என்பது சீக்கிரம் முடிகிற காரியமில்லை. கார் வெந்தது.

கடைசியில் மெர்சி வெள்ளைப் புடவை, வெள்ளைக் கையுறை, தரையில் புரளும் நீண்ட முக்காட்டுடன் பின்னால் ஸ்டெல்லாவோடு ஏறினாள். தலைமையாசிரியர் முன்னால் உட்கார்ந்தார்.

"அண்ணா, புது ஷூ வாசனை வருது," என்றாள் மெர்சி.

"அசல் பொருள்னா அப்படித்தான்மா."

வழியில் குடியாத்தம் பஸ் ஒன்று குறுக்கே வந்தது. நான் பிரேக் அடித்தேன். தலைமையாசிரியர் இரண்டு கையையும் டேஷ்போர்டில் ஊன்றினார். எடுக்கும்போது 'பிசுக்' என்று ஒரு சத்தம். உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். கோரைப்பாய்போல நெய்த கட்டங்கள், கருப்பாக, அச்சு அசலாக.

"இது இன்னாங்க சார்?"

"கார்பன் ஃபைபர்."

"கையில வருதே?"

"ஸ்டிக்கரா இருந்தா வராது சார்," என்றேன். இப்போது யோசித்தாலும் அதில் உண்மைப் பிழை எதுவும் இல்லை.

தேவாலயத்தில் ஸ்டெல்லா பூக்கூடைப் பிள்ளைகளை வரிசைப்படுத்த முன்னால் ஓடிவிட்டாள். மெர்சி இறங்கி அப்பாவின் கையைப் பிடித்தாள். ஆர்கன் ஒலித்தது. நான் காரைப் பூட்டத் திரும்பினேன். பின்கதவில் கைப்பிடியோரப் பட்டை இருந்த இடத்தில் பசை மட்டும் இருந்தது.

வாசலைப் பார்த்தேன். மெர்சி மெல்ல உள்ளே நடந்துகொண்டிருந்தாள். முக்காட்டின் நுனியில் என் பட்டை ஒட்டிக்கொண்டு, சிவப்புக் கம்பளத்தில் சத்தமில்லாமல் வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது. கார்பனின் பெருமையே எடை தெரியாததுதான். அவளுக்கும் தெரியவில்லை.

ஊர்வலத்தை நிறுத்த முறையில்லை. ஆனால் தலைமையாசிரியர் கண்ணில் அது படுவதற்குள் எடுத்தாக வேண்டும். எல்லாரும் நின்று பாடும்போது, நடுப்பாதையில் குனிந்தபடியே ஊர்ந்து முன்னேறினேன். பட்டைக்கு ஒரு கை தூரத்தில் இருந்தபோது பாட்டு முடிந்தது. சபை உட்கார்ந்தது. பாஸ்டர் கணீரென்று கேட்டார்:

"இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது தடை உண்டா? இருந்தால் இப்போதே சொல்லலாம்."

பெண்ணின் முதுகுக்குப் பின்னால் தவளைபோல உட்கார்ந்திருப்பதைவிட நிமிர்ந்து நிற்பது மரியாதை என்று எனக்குத் தோன்றியது. எழுந்து நின்றேன்.

ஜான்சனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லுங்க பிரதர். என்ன தடை?"

"தடை ஒண்ணும் இல்ல பாஸ்டர். கார் பார்ட் ஒண்ணு... அதை மட்டும் எடுத்துக்கறேன்."

குனிந்து இழுத்தேன். வரவில்லை. முக்காடும் மெர்சியின் தலையும்தான் வந்தன. கடைசி வரிசையிலிருந்து இம்தியாஸ் பாயின் குரல் கேட்டது: "சார், பசைய கரைக்க தின்னர் எடுத்தாரட்டுமா?"

தலைமையாசிரியர் திரும்பினார். பட்டையைப் பார்த்தார். தன் கருத்த உள்ளங்கைகளைப் பார்த்தார். ஜான்சனை வெகுநேரம் பார்த்தார். அவர் காத்திருந்த குறை, கண் முன்னால் கம்பளத்தில் கிடந்தது.

"சார்," என்றார் என்னிடம், சபைக்கே கேட்கும்படி. "தடைன்னா அது நான் சொல்ல வேண்டியது. நானே சும்மா இருக்கேன். நீங்க எதுக்கு எழுந்திரிக்கிறீங்க?"

முதலில் மெர்சியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். பிறகு ஜான்சன், பிறகு சபை முழுவதும். பாஸ்டர் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். பட்டையோடு கல்யாணம் நடந்தது. ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அது இருக்கிறது, நல்ல பளபளப்புடன்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்தில் அந்தக் கேள்வி வந்தாலும், ஒரு வரிசையே திரும்பி என்னைப் பார்க்கிறது. முப்பது வருடம் தோலைத் தேர்ந்தவனை, ஒரு பட்டையை வைத்து எடை போடுகிறார்கள். சமீபத்தில் திருப்பத்தூரில் ஒரு கல்யாணம். என்னை அறியாத இளம் பாஸ்டர். கேள்வியைக் கேட்டவர், எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்புவதைக் கண்டு அவரும் என்னைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மெர்சி சொன்னாள்:

"இல்ல பாஸ்டர், நீங்க நடத்துங்க. அண்ணன் இன்னிக்கு பஸ்லதான் வந்தாரு."