மீனிடம் காட்டிய வெள்ளைப் பனியன்

திருப்பூரில் வெள்ளை என்று ஒரே ஒரு நிறம் கிடையாது. பால் வெள்ளை, நீல வெள்ளை, அரை வெள்ளை, துணி வாங்கும் பையர் கேட்ட வெள்ளை, நாங்கள் அனுப்பிய வெள்ளை என்று குறைந்தது ஐந்து உண்டு. ஐந்தையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு காலத்தில் தலைக்கனம் இருந்தது. அந்தத் தலைக்கனம் ஒரு மீன் தொட்டியில் விழுந்து செத்த கதை இது. (செத்தது தலைக்கனம் மட்டும்தான். மீன்கள் சௌக்கியம்.)

அப்போது வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு ஷேடு பார்க்கிற வேலை, அதாவது துணியின் நிறம் சரிதானா என்று பார்ப்பது. சாம்பல் நிறப் பெட்டி ஒன்று, அதற்குள் நாலு வகை விளக்கு. பகல் வெளிச்சத்துக்கு ஒன்று, ஐரோப்பாக் கடைகளின் வெளிச்சத்துக்கு ஒன்று, வீட்டு மஞ்சள் பல்பு ஒன்று. நாலாவது ஒரு ஊதா டியூப். வெள்ளைத் துணியில் பளபளப்பு மருந்து போட்டிருந்தால் அதன் அடியில் நீலமாக ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். துணியை உள்ளே வைத்து, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்து, ‘ஓகே’ அல்லது ‘நாட் ஓகே’ என்று எழுதுவேன். ‘நாட் ஓகே’ எழுதினால் சாயப்பட்டறைக்காரர்கள் என்னைத் திட்டித் தீர்ப்பார்கள். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

குழந்தைத் துணி வாங்குகிற ஒரு ஜெர்மன்காரம்மா முதல் தடவையாகக் கம்பெனியைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் திருப்தியாகப் போனால் என்னைக் குவாலிட்டி இன்சார்ஜ் ஆக்குவதாக முதலாளி சிவசாமி சார் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த நாற்காலியில் நான் மனதளவில் எப்போதோ உட்கார்ந்துவிட்டேன்.

வரவேற்பறை அசத்தலாக இருக்க வேண்டும் என்று சார் ஒரு பவளத் தொட்டி வாங்கிவந்தார். உப்புத் தண்ணீர், உயிருள்ள பவளம், இரண்டு ஆரஞ்சு மீன். அதன் விளக்கு மட்டும் வரும் வழியில் உடைந்துபோயிற்று. சார் என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க கண்ணு, நீங்க தூத்துக்குடிப் பக்கமுங்கள்ல? உங்களுக்கு டியூப்பும் தெரியும், கடலும் தெரியும். இதுக்கு எந்த லைட்டுன்னு நீங்களே பார்த்து மாட்டிருங்க.”

என் ஊர் கோவில்பட்டி. எனக்குக் கடலைமிட்டாய் தெரியும், கடல் தெரியாது. அதைச் சொல்லியிருக்கலாம். “நான் பாத்துக்கிடுதேன் சார்” என்றேன்.

எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேளுங்கள். பார்க்க வருவது ஐரோப்பா பையர். அவர்கள் ஃபைலில் எந்த விளக்கு போட்டிருக்கிறது? கடை வெளிச்ச டியூப். ஸ்டோரில் புதிது ஒன்று இருந்தது, எடுத்து மாட்டிவிட்டேன். பவளத்தின் பக்கத்தில் நிற மாதிரிகள் ஒட்டிய ஷேடு கார்டை வைத்துப் பார்த்து, ‘பச்சை இரண்டு டோன் மங்கல், நாட் ஓகே’ என்று ரிப்போர்ட்டும் எழுதினேன். (யாருக்கு அனுப்புவது, கடலுக்கா?) இரண்டு நாளில் பவளம் வெந்த கீரையின் நிறத்துக்கு வந்து, சுருங்கி மூடிக்கொண்டது.

தொட்டி வைத்துக் கொடுத்த கோயமுத்தூர்க்காரருக்குப் போன் போட்டேன். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அக்கா, அது துணி இல்லீங்க, உசுருங்க. அதுக்கு நீல டியூப் வேணுமுங்க. அந்த வெளிச்சத்துலதான் அது சோறே ஆக்கும்.”

எனக்கு அந்த மீன்களின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. நீல டியூப் வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்றார். பையரோ மறுநாள் காலை வருகிறார். நீலமும் ஊதாவும் அக்கா தங்கச்சிதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஷேடு பெட்டியிலிருந்த ஊதா டியூப்பைக் கழற்றித் தொட்டிக்கு மேல் மாட்டினேன். பவளம் அங்கங்கே பச்சையாக ஒளிர்ந்தது. சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் எடுப்பாகத் தெரியட்டும் என்று திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, மற்ற விளக்குகளை அணைக்கச் சொன்னார். அன்று மாலை வந்த வெள்ளைக் குழந்தைப் பனியன்களை மிச்சமிருந்த மூன்று விளக்கில் பார்த்தே ‘ஓகே’ போட்டுவிட்டேன்.

மறுநாள் ஜெர்மன்காரம்மா உள்ளே நுழைந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் தொட்டியருகே சார் நின்றிருந்தார். இருட்டில் முகம் தெரியவில்லை. நீலமாக ஒளிர்ந்த ஒரு சட்டை மட்டும் கும்பிடு போட்டது. நான் சிரித்தேன், என் பல்லும் ஒளிர்ந்திருக்கும். பெருமையாகச் சரக்குப் பெட்டியைத் திறந்து ஒரு பனியனை விரித்துப் பிடித்தேன்.

பனியனின் உடம்புப் பகுதி நீலமாக ஜொலித்தது, கைப் பகுதியைக் காணோம். இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே. குழந்தையின் தோலில் படுகிற துணியில் பளபளப்பு மருந்து கூடவே கூடாது என்பது அந்த அம்மாவின் முதல் நிபந்தனை. வேறு யாருடைய ஆர்டருக்கு வந்த துணியோ கலந்து உடம்பாகிவிட்டது, கை மட்டும் சரியான துணி. பெட்டி மேல் என் கையெழுத்து. நாற்காலி போச்சு, வேலையும் போச்சு, கோவில்பட்டிக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த அம்மா பனியனைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். மருந்தைக் கண்டுபிடிக்கத்தான் இந்தத் தொட்டியை வாசலிலேயே வைத்திருக்கிறீர்களா என்று இங்கிலீஷில் கேட்டார். உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார்.

“யெஸ் மேடம். எவ்ரி ஒயிட், ஃபர்ஸ்ட் ஃபிஷ்.”

அவ்வளவுதான். அந்த அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, மதியம் வரை எங்களோடு நின்று ஒவ்வொரு பனியனாகத் தொட்டி முன்னால் பிடித்துப் பார்த்தார். லாரி ஏற வேண்டிய சரக்கு நின்றது. உடம்பை எல்லாம் சரியான துணியில் மறுபடி வெட்டித் தைத்தோம். கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்திருந்தால் கம்பெனியே காலியாகியிருக்கும். கிளம்பும்போது அந்த அம்மா அடுத்த சீசன் ஆர்டரையும் கொடுத்தார். அவர் ரிப்போர்ட்டில் எங்கள் தொட்டியைப் பாராட்டித் தனியாக ஒரு பாரா இருந்தது.

எல்லோரும் போன பிறகு, சாரின் அறைக்குப் போய் அழாக்குறையாக உண்மையைச் சொன்னேன்.

“தெரியுமுங்க கண்ணு. ஷேடு பொட்டியில ஒரு டியூப் கொறையறதக் காலையிலயே பாத்தனுங்க. சீட்டு உங்களுக்குத்தான். மொதல்ல அதைத் திருப்பி மாட்டிட்டு வந்து உக்காருங்க.”

நீல டியூப்கள் வந்தன, கோயமுத்தூர்க்காரர் சொன்னபடியே மாட்டினேன். ஒரு வாரத்தில் பவளம் வாய் திறந்தது. எந்த ஷேடு கார்டிலும் இல்லாத பச்சை அது. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், ஜெயித்துவிட்டேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அந்த நீலத்திலும் வெள்ளைத் துணியின் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால், இன்றைக்கும் எங்கள் கம்பெனியில் மீனிடம் காட்டாத வெள்ளை லாரி ஏறாது.

வீட்டில்தான் கஷ்டம். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று நான் அடித்துச் சொன்னால், “மீன்கிட்ட காட்டிட்டியாம்மா?” என்பாள் மகள். போன மாதம் அவள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். சோமனூர்ப் பையன், பளிச்சென்று வெள்ளைச் சட்டை. பையன் நல்ல குணம் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, என் வீட்டுக்காரர், “எதுக்கும் ஒருதடவ மீன்கிட்ட காட்டிருவமா?” என்றார். மகள் இந்தக் கதையை அவனிடம் முன்பே சொல்லியிருக்கிறாள் போல. பையன் கொஞ்சமும் அசரவில்லை.

“வர்றேனுங்க மாமா. எத்தன மணிக்கு வரோணுமுங்க?”

ஓகே என்று எழுதிவிட்டேன்.