ஏழாம் இடத்தை விழுங்கிய கலர் டிவி

விற்பனைக்கு வைத்த பொருளை விற்கவிடாமல் காவல் காத்த ஒரே கடைக்காரர், உலகத்திலேயே எங்கள் தேனி பஜாரில்தான் இருந்தார். ரேடியோ, டிவி கடை. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ‘வேண்டாம் அண்ணாச்சி’ என்றால் தபால்கூடப் போய்ச் சேரும்.

மாப்பிள்ளைக்குச் சீர் கொடுக்க ரேடியோ வாங்க வந்த மாமனாரிடம், மாப்பிள்ளைக்கு ஒரு காது மந்தமாமே என்று விசாரித்துத் திருப்பி அனுப்பியவர். ஆண்டெனா கேட்டவரிடம், உங்கள் வீட்டுக்கு வடக்கே புளியமரம் நிற்கிறது, படம் வராது, மரத்தை வெட்டினால் பாவம், ஆகவே வேண்டாம் என்று தீர்ப்பு எழுதியவர். அப்படியும் கடை ஓடியது. ‘அண்ணாச்சியே வேண்டாம்னு சொல்லாத செட்டு’ என்பதுதான் எங்கள் ஊரில் கியாரண்டி கார்டு.

எண்பதுகளின் கடைசியில், பழனிசெட்டிபட்டியில் என் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் ஜாதக ஆபீஸ் திறக்க ஏற்பாடு செய்தேன். மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர், சிலேட்டு அளவு. அதற்குத் திரை கிடையாது. டிவியில் சொருகினால் டிவியே திரை. பகலில் எனக்கு ஆபீஸ், சாயங்காலம் வீட்டம்மாவுக்குச் சினிமா. ஒரே பெட்டி, பெரிய பெட்டி, கலர் பெட்டி. அண்ணாச்சியிடம் கேட்டேன்.

அவர் வீட்டுக்கே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் வரைந்து வைத்திருந்த ராசிக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார்.

“தம்பி, டிவிக்காரன் படத்தோட ஓரத்தைக் கொஞ்சம் கண்ணாடிக்கு வெளிய தள்ளித்தேன் செட் பண்ணுவான். சினிமாவுல ஓரத்துல நிக்கிறவன் காணாமப் போனா யாருக்கு நட்டம்? உங்க தொழில்ல நடுவுல ஒண்ணுமில்ல, சுத்தி இருக்க ஓரந்தேன் பன்னெண்டு வீடும். ஆபீசுக்குச் சின்னதா கறுப்பு வெள்ளை போதும், நான் திருகிச் சரிபண்ணித் தாரேன். உழவுமாட்டை ரேக்ளாவுக்குப் பூட்டுனா வயலும் கோணும், பந்தயமும் போயிரும். ஒரே பெட்டி வேண்டாம்.”

இவனுக்கெல்லாம் கலர் டிவி எதற்கு என்று நினைத்துவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. ரோசத்தோடு மதுரைக்குப் போய், இருந்ததிலேயே பெரியதை வாங்கி, டாக்சியில் போர்வை போர்த்தி, அவர் கடைத் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து இறக்கினேன். “ஓடிப்போன பிள்ளையக் கூட்டியாற மாதிரியில்ல கொண்டு வாரீக” என்றாள் வீட்டம்மா. அவள் சொன்னதிலும் அர்த்தம் இருந்தது. ஜாதகம் பார்க்க வரவேண்டியதெல்லாம் தேனி பஜார் ஆட்கள். பஜாரை விட்டுவிட்டு மதுரையில் வாங்கியவன் என்று தெரிந்தால் ஒருவரும் படியேற மாட்டார்கள்.

முதல் கிராக்கி, கம்பத்துத் திராட்சை வியாபாரி. தேனி பஜாரில்தான் கடை. மகள் ஜாதகத்தைக் கம்ப்யூட்டரில் பார்க்க மாப்பிள்ளை வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் பட்டனைத் தட்டினேன். கத்திரிப்பூ நிறத்தில் கட்டம் வந்தது. இடது பக்கத்து வீடுகள் பாதி, வலது பக்கத்து வீடுகள் சுத்தமாக இல்லை.

மாப்பிள்ளையின் மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “ஏழாம் இடத்தைக் காணோமே” என்றார். ஏழாம் இடம் புருசன் ஸ்தானம். பின்னாலிருந்த பெண்கள், பொண்ணுக்குப் புருசனே இல்லையாம்ல என்று கிசுகிசுக்க ஆரம்பித்தார்கள். வியாபாரி முகம் வெளுத்துவிட்டது. டிவி தலையில் இரண்டு தட்டுத் தட்டினேன். இருந்த பாதியும் ஆடியது.

“எங்கன வாங்குனீக இந்தச் செட்டை?” என்றார் வியாபாரி.

என் வாய் என்னைக் கேட்காமல் பதில் சொன்னது: “வேண்டாம் அண்ணாச்சி கடையில.”

வியாபாரி நேரே பஜாருக்குப் போய், நாலு பேர் முன்னால் அண்ணாச்சியைப் பிடிபிடியென்று பிடித்திருக்கிறார். அரைமணி நேரத்தில் இருவரும் வந்தார்கள். அண்ணாச்சி கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். நான் டிவிக்குப் பின்னால் ஒளியலாமென்றால் அவரும் அங்கேதான் வந்தார்.

அங்கே மதுரைக் கடையின் ஸ்டிக்கர் பளபளவென்று ஒட்டியிருந்தது. அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நகத்தால் அதை உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூடியைக் கழற்றி, உள்ளே எதையோ திருகினார். படம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. பன்னிரண்டு வீடும் உள்ளே வந்தன. ஏழாம் இடத்தில் குரு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“நான் குடுத்த செட்டுத்தேன்” என்றார் அண்ணாச்சி, எல்லாருக்கும் கேட்கும்படி. “அவசரத்துல ஓரம் பாக்காம அனுப்பிட்டேன். தப்பு எம்மேல. பிள்ளை ஜாதகத்துல ஒரு கொறையுமில்ல.”

கல்யாணம் நடந்தது. என் ஆபீசும் நடந்தது. அண்ணாச்சியைத்தான் பஜார் பல மாதம் வைத்து வாங்கியது. அவர் வேண்டாம் என்றால், உங்க செட்டு லட்சணந்தேன் தெரியுமே என்று எதிரே சொல்ல ஆரம்பித்தார்கள். தினமும் அந்த வழியாகத்தான் போனேன். ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் ஒருநாள் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

“சொன்னா உங்க வீட்டுப் படி ஏற ஆளிருக்காது தம்பி. என்னைய இன்னும் ரெண்டு நாளைக்குப் பேசுவாக, அம்புட்டுத்தேன்.”

அதைக் கேட்டதும் என் மனசு லேசாகிவிட்டது. டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பொய் சொன்னதைவிட, அன்றைக்கு அந்த டீ இனித்ததே, அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.

அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். பஜாரில் பழைய ஆட்கள் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தச் செட்டு மதுரையில் வாங்கியது. அந்த மனுசன் தன் கடை வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய், எனக்காகச் சொன்னது.