மூன்று சுழி அண்ணா

நான் பேசிக் கெடுத்த காரியங்கள் அதிகம் இல்லை. காரணம், நான் பேசுவதே அதிகம் இல்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் "காப்பி போதுமா?" என்று கேட்டார்கள். போதும் என்று சொல்ல வாய் வராமல் மூன்று டம்ளர் குடித்தேன். (பெண் பிடித்திருந்தது. காப்பி பிடிக்கவில்லை. இரண்டையும் சொல்லவில்லை.) அப்படிப்பட்ட நான் ஒருமுறை, ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சரியாகவும் சொன்னேன். அதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அது 1998. சன்னிவேலில், எல் கமினோ சாலையில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் நான் தோசை மாஸ்டர். ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். படிப்பு ஐந்தாம் வகுப்பு. கடைக்கு வருகிறவர்களோ எல்லாரும் கம்ப்யூட்டர்காரர்கள். இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று பயந்துகொண்டே ஆளுக்கு இரண்டு மசால் தோசை சாப்பிடுவார்கள்.

எங்கள் அபார்ட்மெண்டில் எதிர்வீட்டுக்காரர் வேரா அம்மா. ரஷ்யாவிலிருந்து மகனோடு வந்தவர், அறுபது வயசு இருக்கும். அவருக்கும் என் மனைவி சரோஜாவுக்கும் இங்கிலீஷ் சரிசமமாகத் தெரியாது. அதனால் இருவரும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். சரோஜாவுக்கு வலி எடுத்த மத்தியானம் நான் கல்லில் எட்டு தோசையோடு நின்றுகொண்டிருந்தேன். வேரா அம்மாதான் தன் பழைய காரில் அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பஸ் பிடித்து, தப்பான ஸ்டாப்பில் இறங்கி (டிரைவரிடம் கேட்கக் கூச்சம்), நடந்து போய்ச் சேர்ந்தபோது பெண் குழந்தை பிறந்து அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"பேரு வேராதானுங்க" என்றாள் சரோஜா. "அந்தம்மா இல்லைன்னா இவ ஃப்ரீவேயிலதான் பொறந்திருப்பா."

முதல் எதிர்ப்பு வேரா அம்மாவிடமிருந்தே வந்தது. "வேரா நோ! வேரா ஓல்ட்!" என்று தன் நரைமுடியைப் பிடித்துக் காட்டினார். பிறகு விரல் விட்டு நல்ல ரஷ்யப் பெயர்களாகச் சொன்னார். ஓல்கா. காத்யா. மாஷா. கடைசியில் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, "அன்னா... குவீன்!" என்றார்.

சரோஜா என் பக்கம் திரும்பினாள். "காத்யாவாம். கத்தியான்னு கேக்கும். அன்னாவாம்! பெத்த புள்ளைய அண்ணான்னு கூப்பிடறதா? நாளைக்கு இவளுக்கு ஒரு தம்பி பொறந்தா அவன் என்னன்னு கூப்பிடுவான்? நீங்களே சொல்லுங்க."

நான் சொல்லவில்லை.

முடிவு வேராதான் என்று தெரிந்ததும், வேண்டாம் வேண்டாம் என்ற அதே வேரா அம்மா முந்தானை இல்லாத குறைக்குக் கோட்டு நுனியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். குழந்தைக்குக் குல்லா பின்னப் போகிறாராம். அதில் பெயரும் வருமாம்.

மறுநாள் கடைக்குப் போனால் ஆளாளுக்கு ஒரு கருத்து. முதலாளி கல்லாவிலிருந்தே ஆரம்பித்தார். "யோவ் மாஸ்டர், ரஷ்யப் பேரெல்லாம் வெச்சா நாளைக்கு க்ரீன் கார்டுல எவனாவது கேள்வி கேப்பான்யா."

"வேர்னா நல்லதுதான சார், மரம் ஸ்ட்ராங்கா நிக்கும்" என்றார் சாம்பார் வடைக்காரர் ஒருவர்.

"ரஷ்யான்னா நடாஷாதான் மாஸ்டர். வேரா எல்லாம் ரொம்பப் பழசு."

"சின்னப் பேரு மாஸ்டர். ஈமெயில் ஐடி ஈசியாக் கெடைக்கும். விட்றாதீங்க!"

எனக்கு ஈமெயிலும் தெரியாது, ஐடியும் தெரியாது. தோசையைத் திருப்பிப் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை, வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் பெயரை எழுதிக்கொள்ள ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வருவார்கள் என்றார்கள். சரோஜா குளிக்கப் போக வேண்டியிருந்தது. போகும்போது என்னைக் கட்டில் பக்கத்தில் நிற்க வைத்து ஒத்திகை பார்த்தாள்.

"ஒரே வார்த்தைதானுங்க. எங்க, சொல்லுங்க."

"வேரா."

"சத்தமா."

"வேரா!"

குழந்தை விழித்து அழுதது. சரோஜா திருப்தியாகக் குளிக்கப் போனாள்.

அவள் குளியலறைக் கதவைச் சாத்தினாள். அறைக் கதவு திறந்தது. சிரித்த முகமாக ஒரு வெள்ளைக்காரப் பெண். கையில் படிவம். என்னிடம் ஏதோ கேட்டார். நான் சிரித்தேன். மறுபடி கேட்டார். மறுபடி சிரித்தேன். அவர் யோசித்துவிட்டு, மேசைமேல் இருந்த போனில் ஏதேதோ எண்களைத் தட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம் சார்! நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பேசறேன்" என்றது போன்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கேயோ உட்கார்ந்துகொண்டு ஒருவர் எனக்காகத் தமிழ் பேசுகிறார்! இனி என்ன பயம்?

"பாப்பா பேரு என்ன சார்?"

"வேரா!" என்றேன். ஒத்திகை பார்த்ததைவிடச் சத்தமாக.

"வேறயா? ஒரு நிமிஷம்." போன்காரர் அந்தப் பெண்ணிடம் இங்கிலீஷில் கேட்டார். அவர் படிவத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். நர்ஸ் ஏற்கெனவே சரோஜாவைக் கேட்டுப் பென்சிலில் எழுதி வைத்திருந்த பெயரை அமெரிக்க நாக்கு எப்படி உச்சரிக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

"சார், இங்க வீரான்னு எழுதியிருக்காங்களாம். அது வேண்டாமா?"

பொம்பளைப் பிள்ளைக்கு வீராவா? மீசை மட்டும்தான் பாக்கி. "வீரா இல்லைங்க. வேரா!"

"புரியுது சார். வீரா இல்ல, வேற. சொல்லுங்க, வேற என்ன?"

"வேற என்னன்னு இல்லைங்க. வேராதானுங்க."

"சரி சார், வேறதான். உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"அவ சொன்னதுதானுங்க."

"ரெண்டு பேரும் பேசித்தான் மாத்தறீங்க. நல்லது. அந்த வேற பேரு என்னன்னு சொன்னாத்தான சார் நான் இவங்களுக்குச் சொல்ல முடியும்?"

எங்கள் பக்கத்தில் வாய் குழறினால் வருகிற வார்த்தை ஒன்றே ஒன்றுதான். கண்டக்டர் ஆனாலும் கலெக்டர் ஆனாலும் எங்களுக்கு அண்ணாதான்.

"அண்ணா... அதில்லைங்ணா. கொஞ்சம் கேளுங்ணா... அண்ணா! ஐயோ அண்ணா!"

வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் மலர்ந்தது. பேனாவைத் தூக்கிப் பிடித்து, என் கண்ணைப் பார்த்து, எவ்வளவு மரியாதையாகக் கேட்டார் தெரியுமா?

"அண்ணா?"

நான் உருகிப் போய்விட்டேன். கோபியில் என் சொந்தத் தங்கச்சியே என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. ("டேய்" என்பாள்.) அமெரிக்காவில் ஒரு வெள்ளைக்காரத் தங்கச்சி! தலையை மேலும் கீழும் ஆட்டினேன்.

"அண்ணா?" மறுபடியும் கேட்டார். நான் கைகூப்பி, இன்னும் வேகமாக ஆட்டினேன்.

"சார், ஒரு நிமிஷம் சார்..." என்று போன் ஏதோ சொல்ல வந்தது. அந்தப் பெண் அதற்கு நன்றி சொல்லி வைத்துவிட்டார். பென்சில் எழுத்தை அழித்து, பேனாவால் எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார். போட்டேன். அதை மட்டும் அழகாகப் போடுவேன்.

சரோஜா ஈரத் தலையோடு வந்தாள். பத்தாவது வரை படித்தவள். அவர் விட்டுப்போன நகலை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒருமுறை. பிறகு இன்னொருமுறை.

"ஏனுங்க, ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை!"

நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "இன்னிக்குச் சாயங்காலம் அந்தம்மா குல்லாவோட வருவாங்க. அவங்க பேர வெக்கறோம்னு சொல்லி அழ வெச்சுட்டு, இப்ப இல்லைன்னு யாரு சொல்றது? நீங்களே சொல்லுங்க" என்றாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். சாயங்காலம் வரை நான் பாத்ரூமை மூன்று முறை கழுவினேன்.

வேரா அம்மா வந்தார். ரோஜா நிறக் கம்பளிக் குல்லா, அதில் வெள்ளை நூலில் நான்கு ரஷ்ய எழுத்து. அதைத் தன் முஷ்டியின் மேல் மாட்டித் திருப்பித் திருப்பிக் காட்டினார். சரோஜா என்னைப் பார்த்தாள். நான் பேசாமல் நகலை எடுத்து நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். வெகுநேரம் படித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று இரண்டு கைகள் என் தோளைப் பிடித்து உலுக்கின.

"அன்னா! யூ லிசன்! ஒன்லி யூ லிசன்!"

சரோஜாவுக்குத் தெரியாமல் நான் அவர் சொன்ன பெயரையே வைத்துவிட்டேனாம். பெரியவர்கள் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்கிற ஆள் இந்த அபார்ட்மெண்டிலேயே நான் ஒருவன்தானாம். கையையும் கண்ணையும் வைத்து இவ்வளவையும் சொல்லிவிட்டு என் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். பின்னிய குல்லாவை வீணாக்குவானேன் என்று அதையும் குழந்தைக்கு மாட்டிவிட்டார். மறுக்க நான் யார்? வழக்கம்போல வாயை மூடிக்கொண்டேன். சரோஜா மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. (அந்த வேலை எப்போதும் என்னுடையது. அவள் செய்து பார்த்தது அப்போதுதான்.)

பெயரை மாற்றலாமாம். ஆனால் ஒரு ஆபீசுக்குப் போய், ஏன் மாற்றுகிறோம் என்று விளக்கம் சொல்ல வேண்டுமாம். கையெழுத்துப் போட்ட நான்தான் போக வேண்டும் என்று சரோஜா சொல்லிவிட்டாள். அதனால் இன்றுவரை மாற்றவில்லை. ஐந்து வருஷப் படிப்பில் வாத்தியார் என் காதைத் திருகிச் சொல்லிக் கொடுத்தது ரெண்டு சுழி, மூணு சுழி வித்தியாசம். இங்கிலீஷுக்கு அந்த வாத்தியார் அமையவில்லை.

2001இல் மகன் பிறந்தான். சரோஜா அன்றைக்குக் கேட்டதற்கு அவனே பதில் சொன்னான். "அண்ணா அக்கா" என்று கூப்பிட்டான். கடையில் அவன் அப்படிக் கத்தினால், சாப்பிடுகிறவர்கள் இரண்டு பேரைத் தேடுவார்கள்.

வீட்டில் மட்டும் அவள் வேராதான். போன வருஷம் வேலைக்கான படிவம் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, எனக்கு வேற பேரு இருந்தா எழுதணுமாம்."

"வேரா" என்றேன்.

"அதான்ப்பா, வேற."

"அதான் கண்ணு, வேரா."

அடுப்படியிலிருந்து சரோஜா குரல் வந்தது. "அவர விட்டுரு கண்ணு. அந்த போன்கார அண்ணனக் கூப்பிடு!"