கோபுரம் எங்கே ஓடிவிடப் போகிறது?

ஷார்ஜா,
12.10.2006

குவைத், ஃபஹாஹீலில் வசிக்கும் அன்புள்ள சகலை பாஸ்கர் அவர்களுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் போதும். நானும் சரசுவும் இங்கே நலம். அங்கே நீங்களும் கொழுந்தியாள் அகிலாவும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன குறை?

ஜூலையில் நம் இரண்டு குடும்பமும் இத்தாலி போனோமே, அதில் பீசா நகரத்தில் கழிந்த அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். டூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய அத்தனை பேரும் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்க நடந்தார்கள். நீங்கள் மட்டும் வழிகாட்டிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "சகல, எல்லாரும் பாக்குறதையே நாமளும் பாத்தா என்ன இருக்கு? ஊருக்கு உள்ள போயிப் பாப்போம்" என்றீர்கள். "கோபுரம்?" என்றேன். "அது எங்க ஓடிடப் போகுது? எண்ணூறு வருசமா விழப்போகுது விழப்போகுதுங்குறாங்க, சாயங்காலம் வரைக்கும் நிக்காதா?" என்றீர்கள். அகிலா சிரித்தாள். சரசுவும் சிரித்தாள்; அதை நான் மறக்கவில்லை. ஆபீசில் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில், கோபுரத்தை நான் கையால் தாங்கிப் பிடிக்கும் படத்துக்கென்று இடம் ஒதுக்கி, அங்கே இருந்த காலண்டரைக்கூட உருவிப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். இது உங்களுக்கும் தெரியும்.

முதலில் ஆற்றங்கரையில் ஒரு குட்டித் தேவாலயம் காட்டினீர்கள், பூட்டியிருந்தது, பூட்டையும் படம் எடுத்தீர்கள், பிறகு காய்கறிச் சந்தை, அங்கே அக்காளும் தங்கையும் கத்திரிக்காயை அமுக்கிப் பார்த்தார்கள், வெளிநாட்டுக்காரன் என்றாலே சரசுவுக்கு அரபிதான் வரும், "டிஸ்கவுண்ட் மாஃபி?", தள்ளுபடி கிடையாதா என்று அந்த இத்தாலிக்காரனைக் கேட்க, அவன் பதிலுக்குக் கத்த, இவள் "கலாஸ், கலாஸ்", போதும் போதும் என்று ஒரு கத்திரிக்காயோடு வெளியே வந்தாள், அந்தக் கத்திரிக்காயை நாள் முழுக்க நான்தான் சுமந்தேன். அப்புறம் ஒரு பெரிய சதுக்கம். அங்கேதான் ஒரு பிரபுவைப் பிள்ளைகளோடு பூட்டிவைத்துப் பட்டினி போட்டே கொன்றார்களாம். சாப்பாட்டு வேளை தாண்டி, காலையில் குடித்த ஒரு காப்பியோடு நான் நின்றுகொண்டிருக்கிறேன், நீங்கள் அந்தக் கதையை ரசித்து ரசித்துச் சொல்கிறீர்கள். "இதுவும் ஒரு காலத்துல கோபுரம்தான் சகல, பட்டினிக் கோபுரம்" என்று ஆறுதல் வேறு. அது நேராக நின்றது. நேராக நிற்பதைப் பார்க்கவா நான் இத்தாலி வந்தேன்?

கடைசியாக ஒரு செடிகொடித் தோட்டம். கல் பெஞ்சில் உட்கார்ந்தேன். வெயில் என் வழுக்கையில் இறங்கியது. இனி உங்களோடு பேச்சில்லை என்று முடிவுசெய்து, குனிந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களோ கேமராவோடு எதிரே நின்று, "சகல, திரும்புங்க! அட, பின்னாடி திரும்பிப் பாருங்க சகல!" என்று கத்தினீர்கள். "அத்தான், ஒரே ஒரு தடவ திரும்புங்களேன்" என்று அகிலாவும் கெஞ்சினாள். இன்னொரு மரத்தைக் காட்டத்தானே? மானமுள்ளவன் திரும்புவானா? நான் திரும்பவில்லை. எழுந்தபோதும் நேராக வாசலைப் பார்த்தே நடந்தேன். அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஓடினோம். கோபுரம் அங்கேயே நின்றது, ஓடியது நாம்தான்.

லீவு முடிந்து வந்தால், பக்கத்து மேஜை கலீலுர் ரஹ்மான், அதிராம்பட்டினத்துக்காரர், எல்லார் முன்னாலும் கேட்கிறார்: "என்ன சார், அவ்வளவு தூரம் போயிட்டு கோபுரத்தப் பாக்காமயா வந்திய? ஆக்ராவுக்குப் போயி செருப்பு மட்டும் வாங்கிட்டு வந்த கதையால்ல இருக்கு!" மூன்று மாதமாகக் கண்ணாடிக்கு அடியில் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. உங்கள் தலைதீபாவளிக்கு மாமனார் உங்களுக்குப் பட்டு வேட்டியும் எனக்குப் பாலியஸ்டரும் எடுத்தபோது பொறுத்தேன். குவைத் மாப்பிள்ளை வந்தால்தான் அந்த வீட்டில் மீன் வறுபடும் என்பதையும் பொறுத்தேன். இதைப் பொறுக்க மாட்டேன். இனி உங்களோடு எந்த ஊருக்கும் வருவதாக இல்லை.

அகிலாவுக்கு என் ஆசிகள். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில், நீங்கள் அனுப்பிய சி.டி. வந்தது. சரசு போட்டுப் பார்த்துவிட்டு, "ஐயோ, இங்க வாங்களேன்!" என்று அலறினாள். தோட்டத்தில் எடுத்த படம். நான் குனிந்திருக்கிறேன். மரங்களுக்கு மேலே, என் வழுக்கையிலிருந்து முளைத்தது போலச் சாய்ந்த கோபுரம். "திரும்புங்க" என்றீர்களே தவிர, "கோபுரம்" என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? உறையை ஒட்டாமல் வைத்துவிட்டுப் படத்தைப் பிரிண்ட் போட்டேன்; அது இப்போது ஆபீசில் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. கலீலுர் ரஹ்மான் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஊரெல்லாம் கையாலதான் தாங்குவாக. நீங்க தலையாலயே தாங்கிட்டிய சார்!" என்றார். அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்தும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த லீவுக்கு எந்த ஊர் என்று சரசு கேட்கச் சொன்னாள்.

இருந்தாலும் எழுதியது எழுதியதுதான், கிழிப்பதாக இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு மாமனார் வீட்டில் உங்கள் முகத்தில் விழிக்க வேண்டுமே. ஆகவே இதை மொட்டைக் கடிதமாகவே தபாலில் சேர்க்க முடிவுசெய்துவிட்டேன். படத்தின் பிரதி ஒன்று உள்ளே இருக்கிறது. அந்த மொட்டை யாருடையது என்று நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.