கரிச்சட்டை

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு எதைக் கும்பிடுவது என்ற விவஸ்தையே இல்லாமல் போய்விட்டது என்று வெயிலுமுத்து முணுமுணுத்தார். காதில் வாங்க ஆளில்லை. ஓலைநாட்டுத் தலைநகரின் கடைத்தெருவில் அத்தனை பேரும் முண்டியடித்துக்கொண்டு, தீப்படை வீரன் ஒருவனின் சட்டையைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். சட்டையில் ஏடு ஏடாகக் கரி. ஒரு தாய் அதை விரலால் வழித்துத் தன் கைக்குழந்தையின் நெற்றியில் இட்டாள். அந்த வீரன் வேறு யாருமில்லை, வெயிலுமுத்துவின் மகன் பலவேசம்தான். நடுவில் இருமினான். இருமலுக்கும் கைதட்டினார்கள்.

ஓலைநாட்டில் வீடு, கடை, அரசாங்கக் கச்சேரி எல்லாமே ஓலைக்கூரை. தீப்பிடிக்காத வாரம் கிடையாது; அணைக்கத்தான் தீப்படை. அங்கே அரசரை மக்களே தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்த மறுநாளிலிருந்து அவருக்குப் பயப்படுவார்கள்.

வெயிலுமுத்துவும் தீப்படையில் கிடந்து தேய்ந்தவர்தான். அவர் காலத்தில் தீயை அணைத்துவிட்டு வந்தால் நேரே படைவீட்டுத் தொட்டிக்குத்தான் போக வேண்டும். சட்டையை வெளியிலேயே கழற்றிப் போட்டுவிட வேண்டும். பூந்திக்கொட்டை நுரை பொங்கப் பொங்கத் துணியைக் கசக்குவார்கள். ஒருவன் முதுகை ஒருவன் தேய்ப்பான். தலைவர் கொம்பையா ஒவ்வொருவன் காதையும் மடக்கிப் பார்ப்பார். "ஏலே, உன் காதுக்குள்ள இன்னும் தீ அணையல. போ, போயி ஊத்து" என்பார். காதில் கரி இருந்தவனுக்குக் கஞ்சி கிடையாது. கறுப்புத் தண்ணீர் வாய்க்காலில் ஓடும்போது, அன்றைக்கு எரிந்த சரக்குக் கிடங்கை நினைத்து, "அந்தா போகுதுடா செட்டியார் கிட்டங்கி!" என்று எவனாவது கத்துவான், எல்லோரும் சிரிப்பார்கள். வீட்டு வாசலில் பெண்டாட்டி மோந்து பார்ப்பாள். புகைவாடை அடித்தால் மறுபடியும் தொட்டிக்கு ஓட வேண்டியதுதான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. தீயை வீட்டுக்குள் கூட்டிவரக் கூடாது, அவ்வளவுதான். கசக்கிப் பிழிந்த ஈரத்துணி வாசனை எங்காவது வந்தால் இன்றைக்கும் கிழவருக்குக் கஞ்சி நினைப்பு வந்து பசிக்கும்.

பிறகு வந்த அரசர், கரிச்சட்டை போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்டு ஜெயித்தவர். முதல் ஆணை இப்படி இருந்தது: கரி என்பது வீரத்தின் சான்று, அதைத் துவைப்பவர் நாட்டின் பெருமையைத் துவைத்தவர் ஆவார். யார் சட்டை அதிகக் கறுப்போ அவருக்கே பதவி உயர்வு. படைவீரர்கள் தீ அணைந்த பிறகும் சாம்பலில் புரண்டுவிட்டு வர ஆரம்பித்தார்கள்.

துவைப்பதே குற்றமான பின் தொட்டி எதற்கு? தூர்த்துவிட்டு, அந்த இடத்தில் செம்பில் ஒரு தீப்படை வீரன் சிலையை நிறுத்தினார்கள். அப்புறம் வீரர்களுக்குத் தொண்டை கட்டியது. கழுத்தில் கட்டி வந்தது. இரண்டொருவர் செத்தும் போனார்கள். அரச வைத்தியர் குழு கூடி ஆராய்ந்து, இது இருமல் அல்ல, வீர முழக்கம் என்று அறிவித்தது.

பலவேசத்தின் கழுத்திலும் ஒன்று நெல்லிக்காய் கணக்காகத் திரண்டிருந்தது. அவன் சட்டை வீட்டில், அவனுடைய கைப்பிள்ளையின் தொட்டிலுக்கு மேலே ஆசீர்வாதமாகத் தொங்கியது. வெயிலுமுத்து அதை உருவி எடுத்தார்.

"எங்கப்பா கொண்டுட்டுப் போற?"

"ஆத்துக்கு."

"கெடுத்துராதப்பா! இன்னும் ஒரு தீயப் பாத்துட்டா நான் தளபதி."

"ஒன் கழுத்தத் தடவிப் பாத்தியாலே? பிள்ள நெஞ்சுல கர்ருனு இழுக்குது, அது காதுல விழலயா?"

"முழக்கம்ப்பா அது. பிள்ளைக்கும் வந்துட்டுன்னு வைத்தியரே மெச்சிட்டுப் போனாரு."

மகன் சட்டையைப் பிடுங்கி, பழையபடி மாட்டிவிட்டான்.

கிழவர் வீரத்துறை அமைச்சரைத் தேடிப் போனார். அமைச்சர் சிலையடியில் நின்றார். நாலு பணியாளர்கள் ஏணி வைத்து ஏறி, சிலையின் சட்டையைப் பூந்திக்கொட்டை நுரையால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். காதுக்குப் பின்னால்கூட விடவில்லை.

"சிலைய மட்டும் எதுக்கு அய்யா கழுவுறீக?"

"நல்ல கேள்வி, பெரியவரே. புகைக்கரி படிந்தால் செம்பு அரித்துப் போகும் என்று நிபுணர்கள் எச்சரித்திருக்கிறார்கள்."

"செம்பே அரிக்கும்னா, எம் மவன்?"

அமைச்சர் ஆழ்ந்து யோசித்தார். "தங்கள் மகன் செம்பால் ஆனவர் அல்லவே" என்றார்.

அதற்குள் தேர்தல் வந்தது. எதிரணித் தலைவர் வெள்ளைச் சட்டை போட்டு வந்து, "கரிச்சட்டைகள் துவைக்கப்படும்!" என்று ஊர் ஊராக முழங்கினார். ஜனங்கள் அழுதார்கள். அள்ளிப் போட்டார்கள் ஓட்டை. வெயிலுமுத்துவுக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் முடிசூட்டு நாளன்று மடி நிறையப் பூந்திக்கொட்டையைக் கட்டிக்கொண்டு, தொட்டில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சிலையடிக்குப் போனார். பலவேசம் படையோடு முன்வரிசையில் நின்றான். குரல் பாதி போய்விட்டிருந்தது.

மேடையில் அதே அமைச்சர் நின்றார். சட்டை மட்டும் வெள்ளை. புதிய அரசரின் முதல் ஆணையை அவர்தான் வாசித்தார்:

"தீப்படை வீரர் ஒவ்வொருவரின் சட்டையும் பன்னீரில், மேளதாளத்தோடு, அரசுச் செலவில் துவைக்கப்படும். வீரர் காலமான அன்றைக்கே, சற்றும் தாமதமின்றித் துவைத்து, மடித்து, குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்படும்."

கைதட்டல் வானத்தைப் பிளந்தது. பலவேசம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"கேட்டியாப்பா? துவைக்கப் போறாங்க! அன்னைக்கே துவைச்சுருவாங்களாம்!"

"கேட்டேன். கழட்டுலே சட்டைய. இப்பவே ஆத்துக்குப் போவம்."

"எல்லாரும் பாக்காங்கப்பா…"

அதற்குள் ஒருத்தி அவன் சட்டைக் கரியில் விரலைத் தொட்டு, கிழவரின் தோளில் கிடந்த பிள்ளையின் நெற்றிக்குக் கொண்டுவந்தாள். வெயிலுமுத்து அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"புது ராசா நல்லவர்ப்பா" என்றான் பலவேசம், இருமலுக்கு நடுவே.

"இருக்கட்டும்" என்றார் கிழவர்.

துண்டால் பிள்ளையின் மூக்கை மூடிக்கொண்டு, மடியில் பூந்திக்கொட்டை கலகலக்க, ஆற்றைப் பார்த்து நடந்தார். பின்னால் சிலைக்கு, நுரை போக இரண்டாம் தடவை தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.