மாசி முப்பத்தொன்று

பேழைநாட்டில் எந்தச் செய்தியையும் வெறுமனே எழுதிவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு தொடக்கச் சீட்டும் பின்னால் ஒரு முடிவுச் சீட்டும் ஒட்ட வேண்டும். ‘பெயர் தொடக்கம், சீனித்தாய், பெயர் முடிவு’ என்று எழுதினால்தான் அந்தப் பெண்ணுக்குப் பெயர் உண்டு. ஒரு முடிவுச் சீட்டு விட்டுப்போனாலும் முழு மனுவும் செல்லாது. பழக்கம் முற்றிப்போய், மேலதிகாரிகள் பேச்சிலும் சீட்டு ஒட்டத் தொடங்கியிருந்தார்கள்.

முன்பு நிலைமை இன்னும் மோசம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வோர் எழுத்தரும் தனக்கு மட்டும் தெரிந்த குறியில் எழுதிவந்தார். எழுத்தர் செத்தால் ஆவணமும் அவரோடு போய்ச் சேர்ந்தது. மக்கள் முணுமுணுத்ததால் மன்னர் மகிமைராயர் ‘திறந்த முறை’யை அறிவித்தார். விதிகள் யாவும் ஆறாயிரம் பக்கப் புத்தகமாகி அரண்மனை மண்டபத்துக்கு வந்தன. யாரும் படிக்கலாம். படித்து முடித்தவர் எவருமில்லை என்பது மன்னரின் குற்றமல்ல.

அந்த முறைப்படி வந்த முதல் ஆவணம், மேலமடை ஊரின் மாசி மாத நீர்முறை அட்டவணை. கட்டத்துக்கு ஒரு நாள், நாளுக்கு ஒரு குடும்பம். அந்த நாட்டில் எல்லா மாதமும் முப்பது நாள்தான். மேலமடையில் முப்பத்தொரு குடும்பம் இருந்ததால், கடைசி நாளை இரண்டு வீட்டார் பேசிப் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். புதிய அட்டவணையில் அந்தத் தொல்லை இல்லை. மாசிக்கு முப்பத்தொரு கட்டம் போட்டிருந்தார்கள். கடைசிக் கட்டம் சீனித்தாய்க்கு.

அவளுக்கு இருந்ததே ஒரு வயல். நெல் பால் பிடிக்கும் பருவம். மாசிக்குள் ஒரு தண்ணீர் பாய்ந்தால் கதிர் தேறும், இல்லாவிட்டால் பதர்தான். மதகுக் காவலர் பேயாண்டியிடம் போனாள்.

“அண்ணே, முப்பத்தொண்ணாந்தேதி எப்ப வருது?”

“எனக்கென்ன தாயி தெரியும்? கட்டத்துல இருக்குல்ல, வரும்.”

எதையும் தோண்டிப் பார்க்காமல் விடாத சுபாவம் அவளுக்கு. நேரே அரண்மனை மண்டபத்துக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினாள். ‘வரிகளுக்கு நடுவே முன்னாள் எழுத்தர் விட்ட அளவு இடம் விடுக’ என்று ஒரு விதி. எவ்வளவு விட்டார் என்று எங்கும் இல்லை. ஒன்பதாம் நாள் அவள் தேடிய விதி கிடைத்தது: ‘மாசிக்கு முப்பத்தொரு கட்டம் வைக்க. முதல் தலைமை எழுத்தர் அவ்வாறே வைத்தார்.’ கோடு போடும்போது அவருக்குக் கை தவறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆறாயிரம் பக்கம் எழுதியவர்களுக்கு ஒரு கோட்டை அழிக்கத் தோன்றவில்லையே என்று எனக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஆவண அமைச்சர் சாமர்த்தியபூபதி அவளை வரவேற்றார்.

“வினா தொடக்கம். என்ன குறை? வினா முடிவு.”

“அய்யா, மாசிக்கு முப்பது நாளுதான். அந்தக் கட்டத்தை அழிச்சிட்டு என்னை வேற நாளுல சேருங்க. பயிரு வாடுது.”

“விடை தொடக்கம். பிறந்த நாள்களையும் கட்டங்களை எண்ணித்தான் பதிகிறோம்; அதை அழித்தால் அதற்குப் பின் பிறந்த அனைவரின் பிறந்த நாளும் ஒரு நாள் முன்னே போகும். மன்னர் பிறந்தது பங்குனியில். அவரை ஒரு நாள் முன்னதாகப் பிறக்கச் சொல்ல உனக்குத் துணிவுண்டா? விடை முடிவு.”

“அப்ப என் தண்ணி?”

“ஒதுக்கியாயிற்றே!” என்றார் அமைச்சர், சீட்டு ஒட்ட மறந்து.

ஆனால் அந்தப் பேச்சிலிருந்து அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது. அடுத்த வாரமே நாற்பது பாலங்களுக்கும் பதினோரு மருத்துவமனைகளுக்கும் திறப்பு நாள் குறிக்கப்பட்டது: மாசி முப்பத்தொன்று. மக்கள் கைதட்டினார்கள். அட்டவணையில் உள்ள கட்டத்தை இல்லை என்பவருக்குச் சிறை என்று ஓர் ஆணையும் வந்தது. கடைசியில், மூன்றாண்டாகத் தள்ளிப்போன தேர்தலுக்கும் அதே நாளைக் குறித்தார்கள். யாருடைய வாக்குரிமையும் பறிக்கப்படவில்லை.

சீனித்தாயின் வயல் வெடித்துவிட்டது. குடத்தில் மொண்டு ஊற்றிப் பாதிப் பயிரை மட்டும் உயிரோடு வைத்திருந்தாள். மாசி முப்பது கழிந்த மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு மதகுக்குப் போனாள்.

“தொறங்கண்ணே, இன்னிக்கு என் முறை.”

“இன்னிக்குப் பங்குனி ஒண்ணுல்ல தாயி?”

“யாரு சொன்னா? முப்பதுக்கு அடுத்த கட்டம் என்ன? நீங்களே பாருங்க.”

பேயாண்டி அட்டவணையைப் பார்த்தார். சிறையை நினைத்தார். மதகைத் திறந்தார்.

தண்ணீர் வயலை எட்டுமுன் சேதி ஊரை எட்டிவிட்டது. “இன்னிக்கு முப்பத்தொண்ணுன்னா, இன்னிக்குத்தானே ஓட்டு?” என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். உச்சிப்பொழுதுக்குள் அரண்மனை வாசலிலிருந்து கோட்டைச் சுவர்வரை வரிசை நின்றது.

மன்னர் சாளரம் வழியே எட்டிப் பார்த்துவிட்டு அமைச்சரிடம் கேட்டார்: “இன்று என்ன தேதி?”

“விடை தொடக்கம்,” என்றார் சாமர்த்தியபூபதி. பிறகு அட்டவணையை எடுத்து, கட்டங்களை விரலால் எண்ணத் தொடங்கினார்.

வாசலில், சேற்றுக் காலோடு சீனித்தாயும் வந்து வரிசையில் நின்றாள்.