பனிக்குள் தொலைந்த என் மகள்

"புகழ் வேண்டாம், வேலையை ரசித்துச் செய்தால் போதும்" என்று சொல்லும் நடிகனை நம்பாதீர்கள். இருபது வருஷமாக நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். (சந்தேகம் இருந்தால் என் மனைவியிடம் கேட்கலாம். கேட்காமலே சொல்வாள்.) மலேசிய டிவி நாடகங்களில் நான் வாட்ச்மேன், டாக்டருக்குப் பின்னால் நிற்கும் டாக்டர், கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவர். தானா ராத்தா பஸ் ஸ்டேஷனில் ஒருவர் என்னை உற்றுப் பார்த்து, "எங்கேயோ பார்த்திருக்கேன் லா. எங்க வீட்டுல பைப் ரிப்பேர் பண்ண வந்தவர்தானே?" என்று கேட்டதுதான் என் புகழின் உச்சம்.

அப்புறம் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் எடுத்த ஒரு நாடகத்தில் அப்பா வேஷம் கிடைத்தது. வசனம் உள்ள அப்பா. மகள் செல்வி வீட்டைவிட்டு ஓடிப்போகிறாள். நான் மலைச்சரிவில் நின்று கதற வேண்டும்.

டைரக்டர் தயாளன் என்னைத் தனியாக அழைத்தார். "சார், கதைப்படி அடுத்த வாரம் உங்களை லோரி அடிச்சிடுது. இந்த சீன் நல்லா வந்துச்சுன்னா லோரியை நிறுத்திடறேன். நான் கட் சொல்ற வரைக்கும் அழுதுகிட்டே இருங்க."

கேமரா கீழே ரோட்டில். நான் மேலே தேயிலைக்கு நடுவில். "கட்" கேட்பதற்கு ஒரு வாக்கிடாக்கி தந்தார்கள். அதை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். (உணர்ச்சிக்கு இடைஞ்சலாம். பெரிய கலைஞர்.)

வாயைத் திறந்தேன், பனி இறங்கியது. ரோடும் கேமராவும் மறைந்தன. கீழே கட் சொல்லிவிட்டு எல்லாரும் மீ கோரெங் சாப்பிட வேனுக்குள் போய்விட்டார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

அந்தத் தோட்டத்தில் பனி மூடினால் கங்காணி விசில் அடிப்பார். கொழுந்து பறிக்கிறவர்கள் நின்ற இடத்திலிருந்தே ஒவ்வொருவராகக் குரல் கொடுக்க வேண்டும். யாராவது பள்ளத்தில் விழுந்திருந்தால் தெரிந்துவிடும். பக்கத்துச் சரிவில் கங்காணி முனியம்மாக்கா விசில் அடித்து, எல்லாரும் குரல் கொடுத்து முடித்த அமைதியில் என் குரல் போய் விழுந்தது: "செல்வி... எங்கம்மா போயிட்ட?"

பனியைக் கிழித்துக்கொண்டு முனியம்மாக்கா வந்தார். பின்னால் பத்துப் பெண்கள்.

"அண்ணே, யாரு செல்வி?"

தயாளன் எனக்குச் சொல்லாமல் துணை நடிகர்களைச் சேர்த்திருக்கிறார் என்று நினைத்தேன். பரவாயில்லை, சுமாராக நடிக்கிறார்கள்.

"என் மக. காலையில போனவ."

"என்ன உடுத்தியிருந்தா?"

"மஞ்ச சுடிதார்."

"அழாதீங்கண்ணே, தேடிடலாம்" என்று அவர் என் கையைப் பிடித்தபோது நான் அழுத அழுகையை அதற்கு முன்னும் அழுததில்லை, பின்னும் அழுததில்லை. நாலு பெண்கள் கூடவே அழுதார்கள். முனியம்மாக்கா போனில் தோட்டத்து ஆபீசைக் கூப்பிட்டார். "கிராணி ஐயா, ஒரு பொண்ணைக் காணோம். போலீசுக்குச் சொல்லுங்க."

ஸ்கிரிப்டில் போலீஸ் இல்லை.

யோக்கியனாக இருந்தால் அந்த நொடியில் "நான் நடிகன்" என்று சொல்லியிருப்பான். நான் சொன்னது: "பயப்படாதீங்க, அவளுக்கு நல்லா நீச்சல் தெரியும்." (மலை உச்சியில். தேயிலைக்கு நடுவில்.)

அப்போதுதான் பனி விலகி, செல்வியாக நடிக்கும் பெண் மஞ்சள் சுடிதாரில், கியா பார்ம் சந்தையில் வாங்கிய ஸ்ட்ராபெரியைத் தின்றபடி மேலேறி வந்தாள். "அங்கிள், சாப்பிட வரலையா?"

முனியம்மாக்கா அவள் காதைப் பிடித்தார். "பெத்தவர் இங்க உசுரை விடுறாரு, உனக்கு ஸ்ட்ராபெரி கேக்குதா?"

"ஆன்ட்டி, இவர் என் அப்பாவே இல்ல."

"கேட்டீங்களாடி? அப்பாவே இல்லையாம்."

இன்னொரு காதை இன்னொரு அக்கா பிடித்துக்கொண்டார்.

தயாளன் ஓடிவந்து விளக்கினார். கிராணி போலீசுக்கு விளக்கினார். தோட்டத்து மேனேஜர் துரை விளக்கம் எதுவும் கேட்காமல், வேனைத் தோட்டத்தைவிட்டு வெளியே எடுக்கச் சொன்னார். என் வாழ்நாளின் சிறந்த நடிப்பைப் பார்த்தவர்கள் பதினோரு பேர். கேமரா அந்தக் கணக்கில் இல்லை. அடுத்த வாரம் திரிங்காப் ரோட்டில் எடுத்த சீனில், முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி சொன்ன நேரத்துக்கு வந்து என்னை அடித்தது.

ஆனாலும் இந்தத் தொழிலை விடமாட்டேன். பதினோரு பேர் நம்பினார்கள் லா.

இப்போது வீட்டில் தலைவலி என்று லேசாக முனகினால் போதும், மனைவி சமையலறையிலிருந்தே "கட்" என்கிறாள். நான் நிறுத்துவதில்லை.

"லோரி வருது" என்கிறாள்.

நிறுத்திவிடுகிறேன்.